துறவின் தடங்கள் – 17: கீரைத்தண்டுக்கும் சங்கம் கூடும்

மகாபோதிக்குப் பத்து நாள் நடைத்தொலைவில், மலைப்பாதையோரம், ஒரு சீனத் துறவி சேற்றுக் குழிக்குள் இறங்கி உடம்பெல்லாம் சேற்றை அப்பிக்கொண்டிருந்தார். ஆண்டு 674. பெயர் இட்சிங். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. தாம்ரலிப்தித் துறைமுகத்திலிருந்து ஒரு வணிகர் கூட்டத்தோடு புறப்பட்டவர், வழியில் காய்ச்சல் கண்டு பின்தங்கிவிட்டார். நூறு தடவை உட்கார்ந்து எழுந்துதான் கொஞ்ச தூரம் நடக்க முடிந்தது என்று அவரே எழுதுகிறார். கூட வந்த நாளந்தா பிக்குகள் இருபது பேரும் முன்னே போய்விட்டார்கள். பொழுது சாயும் நேரத்தில் மலைக் கள்வர் வில்லும் கையுமாக வந்து சூழ்ந்துகொண்டார்கள். மேலாடை போயிற்று, உள்ளாடை போயிற்று, இடுப்பில் கட்டியிருந்த வார்கூட மிஞ்சவில்லை.

வெளுத்த தோல்காரன் கிடைத்தால் தெய்வத்துக்குப் பலி கொடுத்துவிடுவார்கள் என்று அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு இருந்தது. அது நினைவுக்கு வந்ததும்தான் சேற்றில் இறங்கினார். இலைதழையால் உடம்பை மறைத்து, ஒரு தடியை ஊன்றிக்கொண்டு இருட்டில் நடந்தார். இரண்டாம் சாமத்தில் ஓர் ஊரின் எல்லையை எட்டியபோது யாரோ தன்னைக் கூப்பிடும் குரல் கேட்டது. அவருக்கு மூத்தவரான இன்னொரு சீனத் துறவி, மகாயானபிரதீபர், ஊருக்கு வெளியே வந்து நின்று கூவிக்கொண்டிருந்தார். உடுத்திக்கொள்ள ஒரு துணி கொடுத்தார். குளத்தில் சேற்றைக் கழுவிக்கொண்டு இட்சிங் ஊருக்குள் போனார்.

இவ்வளவு பாடுபட்டு இந்த மனிதர் எதைப் பார்க்கப் போனார்?

புத்தர் பிறந்த மண்ணை வணங்க ஆசை இருந்தது. சுவடி சேர்க்கும் ஆசையும் இருந்தது. ஆனால் அவரை 671-இல் குவாங்சோவில் ஒரு பாரசீகக் கப்பலில் ஏற வைத்த கவலை வேறு. சீனத்து மடங்களில் வினயம், அதாவது துறவிகளுக்கான ஒழுக்க விதி, மூலத்திலிருந்து நழுவிக்கொண்டே போகிறது என்று அவர் நம்பினார். எப்படி உண்பது, எப்படிக் குளிப்பது, குடிக்கும் தண்ணீரை எப்படிச் சோதிப்பது, மூத்தவர் வந்தால் எப்படி எழுந்து நிற்பது என்பதையெல்லாம் பிறந்த இடத்திலேயே போய்க் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கிளம்பினார். அவருக்கு முன்னால் வந்து 645-இல் நாடு திரும்பிய யுவான் சுவாங் நமக்கு நாளந்தாவின் புகழைச் சொன்னவர். விண்ணை முட்டும் கோபுரங்கள், வாயிலிலேயே கேள்வி கேட்டுப் பத்தில் ஏழெட்டுப் பேரைத் திருப்பி அனுப்பும் காவல் பண்டிதர்கள் என்ற சித்திரம் அவர் வழியாகவும், அவர் வரலாற்றை எழுதிய சீடர் வழியாகவும் வந்ததுதான். நம் பள்ளிப் பாடநூல்களில் நாளந்தா 'பல்கலைக்கழகம்' என்று நிலைபெற்றதும் அப்படித்தான். இட்சிங் காட்டும் நாளந்தா ஒரு மடம். அங்கே விடிகிறது, பல் துலக்குகிறார்கள், தண்ணீர் இறைக்கிறார்கள், குளிக்கிறார்கள், நண்பகலுக்கு முன் சாப்பிட்டு முடிக்கிறார்கள். இந்தத் தொடருக்கு வேண்டியவர் இவர்தான்.

சென்ற இதழில் எகிப்தின் பக்கோமியுஸைப் பார்த்தோம். தனித்தனியே குகைகளில் கிடந்த துறவிகளை ஒரே மதிலுக்குள் கூட்டி, ஒரே பந்தியில் உட்கார வைத்தவர். அங்கே தலைவர் சொல்வதுதான் சட்டம். கூடி வாழும் துறவிகளை யார் ஆள்வது என்ற அதே கேள்விக்குக் கீழைக்கரையில் வேறொரு விடை கண்டிருந்தார்கள். அதை இட்சிங் முதலில் பார்த்த இடம் நாளந்தாகூட இல்லை. கள்வர் கையில் சிக்குவதற்கு முன், வடமொழி கற்றுக்கொண்டு ஏறத்தாழ ஓராண்டு அவர் தங்கியிருந்த தாம்ரலிப்தி, இன்றைய மேற்கு வங்கத்தின் தம்லுக்.

அங்கே ஒரு விகாரையின் வெளி முற்றத்தில் சில குடியானவர்கள் வந்து, கொண்டுவந்த காய்கறிகளை மூன்று கூறாகப் பிரித்தார்கள். ஒரு கூறைப் பிக்குகளிடம் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புதிதாக வந்த இட்சிங்குக்கு இது விளங்கவில்லை. அந்த ஊரில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருந்துவந்த மகாயானபிரதீபரிடம் கேட்டார். அவர் சொன்னார்: பிக்கு தன் கையால் பயிர் செய்யக் கூடாது என்பது புத்தர் வகுத்த விதி. ஏர் பூட்டினால் மண்ணுக்குள் உயிர்கள் சாகும், நீர் பாய்ச்சினாலும் சாகும். அதனால் சங்கத்து நிலத்தைக் குடிகள் உழுகிறார்கள், விளைவதில் ஒரு பங்கை மட்டும் சங்கம் வாங்கிக்கொள்கிறது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் மேல்வாரம் ஒரு பங்கு, குடிவாரம் இரண்டு பங்கு. நம் பக்கத்தில் பிற்காலத்தில் குடிகள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இது தாராளமான வாரமாகவே தோன்றும்.

அதே விகாரையில் அவர் கண்ட இன்னொன்று. காலையில் மடத்துக் காரியம் பார்க்கும் பிக்கு கிணற்றடிக்குப் போய்த் தண்ணீரை உற்றுப் பார்ப்பார். பூச்சி புழு இல்லையென்றால் அப்படியே எடுக்கலாம். இருந்தால் துணியில் வடிகட்ட வேண்டும். வடிதுணியில் தங்கிய உயிர்களை உதறி எறிந்துவிட முடியாது, எந்த நீரிலிருந்து வந்தனவோ அந்த நீரிலேயே விட வேண்டும். இதற்கென்று எத்தனை வகை வடிகட்டி உண்டு, துணி எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் இட்சிங் பக்கம் பக்கமாக எழுதுகிறார். படிக்கும்போது அவருடைய பொறுமை நமக்கும் தொற்றிக்கொள்கிறது. கைப்பிடி அளவு நீரில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நெளிகிற ஒன்றுக்காகக் குனிந்து நிற்கும் ஒரு மனிதர். நான் இந்தத் தொடருக்காகப் படித்த எத்தனையோ தத்துவ வாதங்களைவிட அந்தக் கிணற்றடிதான் என் மனதில் நிற்கிறது.

அங்கே யாராவது ஒரு பிக்குவுக்கு ஒரே ஒரு கீரைத்தண்டு கொடுத்தால்கூட, அதைச் சங்கத்தின் சம்மதம் இல்லாமல் அவர் வைத்துக்கொள்ள முடியாது. எந்தக் காரியமானாலும் எல்லாரும் கூடிப் பேசித்தான் முடிவு. ஒருவர் தனியாக முடிவெடுத்தாலோ, சங்கத்தைக் கேளாமல் வேண்டியவருக்கு ஒன்று வேண்டாதவருக்கு ஒன்று என்று நடந்தாலோ, அவரைக் 'குலபதி' என்று சொல்லி வெளியே அனுப்பிவிடுவார்கள். வீட்டுத் தலைவன், இல்லறத்தான் என்று பொருள். வீட்டை விட்டு வந்த ஒருவர் மடத்துக்குள் வீட்டு எசமானாக நடந்துகொண்டார் என்பதே குற்றம். இன்று இந்தியில் பல்கலைக்கழகத் துணைவேந்தருக்கு வழங்கும் சொல் அதே குலபதி.

இந்தக் கட்டுப்பாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இட்சிங் ஒரு நிகழ்ச்சி சொல்கிறார். இளநிலை ஆசிரியர் ஒருவர், நிலத்தை உழும் குடியானவன் ஒருவனின் மனைவிக்கு ஒரு பையன் மூலம் இரண்டு படி அளவு அரிசி கொடுத்தனுப்பினார். யாரோ இதைச் சங்கத்தின் முன் வைத்தார்கள். அவரை அழைத்து விசாரித்தார்கள். கொடுத்ததை அவர் ஒப்புக்கொண்டார். தவறான நோக்கம் எதுவும் இல்லை. இருந்தும் வெட்கம் தாங்காமல் தன் பெயரைத் தானே விலக்கிக்கொண்டு அந்த விகாரையை விட்டுப் போய்விட்டார். விட்டுப்போன துணிமணிகளை அவருடைய ஆசான் வேறொரு ஆள் கையில் கொடுத்தனுப்பினார்.

இட்சிங் இதை மெச்சித்தான் எழுதுகிறார். எனக்கு அப்படிப் படிக்க முடியவில்லை. அந்தப் பெண்ணின் வீட்டில் அன்று அடுப்பெரியாமல் இருந்திருக்கலாம். பூச்சிக்கு இரங்கத் தெரிந்த விதி, இரண்டு படி அரிசியின் பின்னால் இருந்த இரக்கத்தைச் சந்தேகிக்கவே கற்றிருந்தது. ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. பொது அரிசியிலிருந்து ஒருவர் தன் விருப்பப்படி எடுத்துக் கொடுக்கத் தொடங்கினால், அடுத்தவர் தன் விருப்பப்படி எடுத்துக்கொள்ளத் தொடங்குவார். மடங்கள் சீரழிந்த வரலாறு எல்லா மதத்திலும் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. வரும் அத்தியாயங்களில் பிரான்சிலும் திபெத்திலும் அதைப் பார்க்கப் போகிறோம்.

இனி நாளந்தா. இட்சிங் அங்கே பத்தாண்டு இருந்தார். மூவாயிரத்துக்கு மேற்பட்ட பிக்குகள், எட்டு மண்டபங்கள், முந்நூறு அறைகள் என்று கணக்குச் சொல்கிறார். பொழுது விடிந்தால் முதல் வேலை பல்குச்சி. பன்னிரண்டு விரல் நீளம், குறைந்தது எட்டு விரல், சுண்டுவிரல் கனம். ஒரு முனையை மெதுவாக மென்று பல்லைத் தேய்க்க வேண்டும், பிறகு குச்சியைப் பிளந்து வளைத்து நாக்கை வழிக்க வேண்டும். வேப்பங்குச்சி தெரிந்த நமக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. சீன வாசகர்களுக்கு இதை அவர் ஒரு தனி அதிகாரமாகவே விளக்க வேண்டியிருந்தது.

பிறகு மணி அடிக்கும். நாளந்தாவைச் சுற்றிப் பத்துக்கும் மேற்பட்ட பெரிய குளங்கள் இருந்தன. மணியோசை கேட்டதும் நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரக்கணக்கில், பிக்குகள் குளியல் துணியை எடுத்துக்கொண்டு விகாரைகளிலிருந்து வெளியே வந்து நாலா பக்கமும் குளங்களை நோக்கி நடப்பார்கள். சாப்பிட்டுவிட்டுக் குளிக்கக் கூடாது, வெறும் வயிற்றில்தான் குளிக்க வேண்டும் என்று இட்சிங் வலியுறுத்துகிறார். கூழானாலும் குளித்துக் குடிக்கச் சொன்ன நம் பாட்டிமார் அவரோடு உடனே ஒத்துப்போயிருப்பார்கள்.

குளித்து வந்தால் உணவு, அதுவும் நண்பகலுக்குள். சூரியன் உச்சி தாண்டினால் பிக்கு உண்ணக் கூடாது. மூவாயிரம் பேருக்கு உச்சிப்பொழுதை யார் சொல்வது? மேகம் மூடிய ஆடி ஆவணி நாளில் என்ன செய்வது? இதற்கு நாளந்தாவில் நாழிகை வட்டில் இருந்தது. பெரிய செம்புப் பாத்திரம் நிறையத் தண்ணீர், அதில் மிதக்கும் மெல்லிய செம்புக் கிண்ணம், கிண்ணத்தின் அடியில் ஊசி முனை அளவு துளை. துளை வழியே நீர் ஊறி ஊறிக் கிண்ணம் நிறைந்து மூழ்கும். மூழ்கியதும் முரசு. முதல் முறை மூழ்கினால் ஓர் அடி, இரண்டாம் முறைக்கு இரண்டு, மூன்றாம் முறைக்கு மூன்று, நான்காவதற்கு நான்கு அடியோடு சங்கொலி. அப்படி நான்கு நான்காக இரண்டு சுற்று முடிந்தால் உச்சிப்பொழுது. அந்தக் கடைசி முரசு அடங்கிய பிறகு ஒருவர் வாயில் கவளம் இருந்தால், விதிப்படி அவருக்கு விகாரையில் இடமில்லை. வட்டிலையும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவர்களையும் முன்னாளைய அரசர்கள் மடத்துக்குக் கொடையாக அளித்திருந்தார்கள்.

முல்லைப்பாட்டைப் படித்தவர்களுக்குப் பாசறையில் நீர்க்கன்னல் பார்த்து அரசனுக்குப் பொழுது சொல்பவர்கள் நினைவுக்கு வருவார்கள். அங்கே போருக்கு அளந்த பொழுதை இங்கே சோற்றுக்கு அளந்தார்கள். அந்தச் சிறுவர்களைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். இந்தியாவின் தலைசிறந்த தருக்கவாதிகள் உள்ளே அறிவின் எல்லையைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்க, ஒரு சிறுவன் கிண்ணத்தின் விளிம்பையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் கண் அசந்தால் மூவாயிரம் பேரின் விதி தவறிவிடும்.

மாலையில் இன்னொரு காட்சி. இவ்வளவு பேரை ஒரே இடத்தில் கூட்டி வழிபாடு நடத்த முடியாது. ஆகவே ஓதும் பிக்கு ஒருவர் மண்டபம் மண்டபமாகப் போவார். முன்னால் மடத்துப் பணியாட்களும் சிறுவர்களும் பூவும் தூபமும் ஏந்திச் செல்வார்கள். ஒவ்வொரு மண்டபத்திலும் நின்று உரத்த குரலில் சில சுலோகங்கள் ஓதிவிட்டு அடுத்ததற்கு நகர்வார். கடைசி மண்டபத்தை முடிக்கும்போது அந்தி மயங்கியிருக்கும். நாளந்தாவின் இடிபாடுகளில் செங்கல் அறை ஒன்றில் நின்றபோது, சுவரில் விளக்கு வைக்கும் மாடத்தைத் தொட்டுப் பார்த்தேன். படுக்க ஒரு மேடை, ஒரு விளக்கு மாடம், வெளியே நடை, நடைக்கு அப்பால் முற்றம். அவ்வளவுதான் அறை. அந்தக் குரல் நடைவழியே நெருங்கி வந்து, கடந்து, தேய்ந்து போவதை உள்ளே இருந்தவர் கேட்டிருப்பார்.

இங்கே அகழ்ந்தெடுத்தவற்றில் என்னை மிகவும் கவர்ந்தவை சுடுமண் முத்திரைகள். நடுவில் தருமச் சக்கரம், இரு புறமும் மான். கீழே 'நாளந்தா மகாவிகாரையின் பிக்கு சங்கத்துடையது' என்ற பொருளில் எழுத்து. தலைவர் பெயர் இல்லை. சீலபத்திரரைப் போன்ற மாபெரும் ஆசான்கள் அமர்ந்திருந்த இடம் அது. இருந்தும் ஓலைக்கும் மூட்டைக்கும் இட்ட முத்திரை சங்கத்தின் பெயரில்தான் இருந்தது. தாம்ரலிப்தியின் கீரைத்தண்டும் நாளந்தாவின் முத்திரையும் சொல்வது ஒரே செய்தி.

இந்தச் சீலபத்திரருக்கு ஆசானாக இருந்தவர் தருமபாலர், நம் காஞ்சிபுரத்துக்காரர். பெரிய அமைச்சரின் மகன் என்றும், அரசன் தன் மகளை மணமுடிக்க ஏற்பாடு செய்த இரவில் புத்தர் சிலை முன் மனமுருகி வேண்டி, ஊரை விட்டே மறைந்து துறவியானவர் என்றும் யுவான் சுவாங் எழுதிவைத்திருக்கிறார். கல்யாணப் பந்தலிலிருந்து போனவர் நாளந்தாவின் தலைமைப் பண்டிதரானார்.

சரி, மூவாயிரம் பேரும் சாப்பிட்ட சோறு எங்கிருந்து வந்தது? நாளந்தாவுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்கள் சொந்தம், தலைமுறை தலைமுறையாக அரசர்கள் கொடுத்தவை என்கிறார் இட்சிங். யுவான் சுவாங் காலத்துக் கணக்கு நூறு ஊர்கள். அப்படிப் பார்த்தால் ஒரு தலைமுறைக்குள் சொத்து இரண்டு மடங்கு. ஊர் ஊராகப் பிச்சைப் பாத்திரம் ஏந்தி நடந்த புத்தரின் பிள்ளைகளுக்கு ஊர்களே பாத்திரத்தில் வந்து விழுந்தன. பிச்சைக்குப் போக வேண்டிய நேரம் படிப்புக்குக் கிடைத்தது, நாளந்தாவின் அறிவு அந்த நேரத்தில் விளைந்தது. அதே நேரம் பிக்குவுக்கும் அவருக்குச் சோறிட்டவளுக்கும் நடுவே தினமும் வாசற்படியில் நிகழ்ந்துவந்த சந்திப்பு குறைந்தது. உழுதால் புழு சாகும் என்று பிக்கு ஏரைத் தொடவில்லை, அந்தப் பாவத்தை இருநூறு ஊர் உழவர்கள் சுமந்தார்கள். அவர்கள் பெயரை எந்த முத்திரையிலும் யாரும் பொறிக்கவில்லை.

கடல் கடந்தும் கொடை வந்தது. 9-ஆம் நூற்றாண்டில் சுவர்ணத்தீவின் சைலேந்திர அரசன் பாலபுத்திரதேவன் நாளந்தாவில் ஒரு விகாரை கட்டி, அதற்காக ஐந்து ஊர்களைக் கொடுக்கும்படி பால மன்னன் தேவபாலனிடம் கேட்டுக்கொண்டான். அந்தச் செப்பேடு நாளந்தா மண்ணிலேயே கிடைத்தது. பிக்குகளின் உடைக்கு, உணவுக்கு, படுக்கைக்கு, நோயுற்றவரின் மருந்துக்கு, நூல்களைப் படியெடுப்பதற்கு, இடிந்ததைப் பழுதுபார்ப்பதற்கு என்று செலவு வகையெல்லாம் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து அதே சைலேந்திர மரபு நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரையைக் கட்டியது. அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைச் சைவனான முதலாம் இராசராசன் கொடுத்ததை லெய்டன் செப்பேடுகள் சொல்கின்றன. இட்சிங் போகும்போதும் வரும்போதும் தங்கிய ஸ்ரீவிஜயம்தான் அந்த அரசு. நாளந்தாவிலிருந்து ஐந்து லட்சம் சுலோக அளவுக்குச் சுவடிகளைச் சேர்த்துக்கொண்டு திரும்பியவர், தாம் கண்ட நடைமுறைகளை நாற்பது அதிகாரங்களாக அங்கே உட்கார்ந்து எழுதி, 692-இல் ஒரு துறவி மூலம் சீனத்துக்கு அனுப்பினார். 695-இல் தாமும் போய்ச் சேர்ந்தார். 713-இல் இறக்கும்வரை வினய நூல்களைச் சீனத்தில் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

1200-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பக்தியார் கில்ஜியின் படை மகதத்தில் புகுந்தது. பக்கத்திலிருந்த ஓதந்தபுரி விகாரை படைமுகாமாயிற்று. நாளந்தா அன்றோடு தீர்ந்தது என்று பலரும் எழுதுவார்கள். ஆனால் 1235-ஐ ஒட்டி தர்மசுவாமின் என்ற திபெத்தியத் துறவி அங்கே படிக்க வந்திருக்கிறார். பல விகாரைகள் நின்றிருந்தன, பார்த்துக்கொள்ள ஆளில்லை. எஞ்சியிருந்தவர் இராகுல ஸ்ரீபத்திரர் என்ற ஆசான், தொண்ணூறு வயது கடந்தவர். எழுபது மாணவர்கள். அவர்களுக்குப் பொருள் கொடுத்து ஆதரித்த ஓதந்தபுரி அந்தணர் ஜயதேவரைப் படைத்தலைவன் சிறையில் அடைத்துவிட்டான். படை வருகிறது, ஓடிவிடுங்கள் என்று சிறையிலிருந்தே அவர் சொல்லி அனுப்பினார்.

மாணவர்கள் ஓடினார்கள். தர்மசுவாமின் மட்டும் போகவில்லை. நீயும் போ, இங்கே நின்றால் உன்னையும் கொன்றுவிடுவார்கள் என்றார் கிழவர். கொன்றாலும் போகமாட்டேன் என்றார் இவர். அப்படியானால் என்னை முதுகில் தூக்கிக்கொள், தென்மேற்கே ஞானநாதர் கோயில் இருக்கிறது, அந்தப் பக்கம் வர அவர்கள் அஞ்சுவார்கள் என்றார் ஆசான். கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் அரிசி, சில சுவடிகள், முதுகில் தொண்ணூறு தாண்டிய ஓர் உடம்பு. இருவரும் கோயிலுக்குள் ஒளிந்துகொண்டார்கள். முந்நூறு வீரர்கள் வந்தார்கள், தேடினார்கள், திரும்பிப் போனார்கள். இருவரும் நாளந்தாவுக்கு வந்து, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார்கள்.

(தொடரும்)